சுவரில் இறங்கிய நீல விரல்கள்

போன கோடையில் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறு இருபதுக்கு எங்கள் வீட்டில் எல்லாம் தப்பாகப் போக ஆரம்பித்தது. நேரம் நன்றாக நினைவிருக்கிறது. அடுப்பில் பால் பொங்கும் தறுவாயில் இருந்தது. சமையலறை ஜன்னலுக்கு வெளியே, எங்கள் வீட்டுக்கும் எங்களுடைய உயரமான மதிலுக்கும் நடுவிலுள்ள சந்தில், என் கணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் மகள் சலவை நீலம் கரைத்த கிண்ணத்தில் விரல்களை நனைத்துக்கொண்டு, மணலில் இரண்டு எட்டு வைத்து எகிறி, சுண்ணாம்படித்த அந்தச் சுவரில் நீலமாக ஒரு அடையாளம் வைத்தாள்.

கணவர் சுவரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இன்னொரு தடவ குதி" என்றார்.

குதித்தாள்.

"இன்னும் ஒண்ணு."

அதற்குள் பால் பொங்கி வழிந்துவிட்டது. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடும்போது அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, யாரோ தவறிப்போன செய்தி சொல்கிறவர் மாதிரி மெதுவாகச் சொன்னார்: "டீச்சரம்மா, பொண்ணு இறங்கிட்டா."

ஒரு விரற்கடை இறங்கியிருந்தாள். அந்த ஒரு விரற்கடைக்கு அவ்வளவு கவலை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கல்லூரியில் வாலிபால் ஆடுகிறவள். நெட்டுக்கு முன்னால் நின்று, மேலே தூக்கிக்கொடுக்கிற பந்தை எகிறி அடிப்பது அவள் வேலை. படிப்பு முடிந்ததும் மெட்ராஸில் உடற்பயிற்சி ஆசிரியை படிப்பில் சேரவேண்டும், ஏதாவது ஒரு பெண்கள் பள்ளியில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்பது அவள் ஆசை. மாநில அணியில் ஆடியவர்களுக்கு அங்கே சுலபமாக இடம் கிடைக்கும் என்றார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஏப்ரல் கடைசியில் இருந்தது. இன்னொரு பக்கம், கோலார் தங்கவயலிலிருந்து ஒரு வரன் வந்து பதிலுக்குக் காத்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. என் கணவர் நியாயமான மனிதர். "அணியில எடுத்தாங்கன்னா மெட்ராஸ். எடுக்கலைன்னா தங்கவயல்" என்று மகளிடம் கைகுலுக்கி ஒப்பந்தம் செய்துகொண்டார். அவளும் சிரித்துக்கொண்டே கை கொடுத்தாள். அவள் கை சில்லென்று இருந்ததாக அவரே என்னிடம் பிறகு சொன்னார்.

மணலில் குதிக்கிற வைத்தியம் கல்லூரி கேம்ஸ் மிஸ்ஸுடையது. அவர் மங்களூர்க்காரர், நல்ல ஆகிருதி, சைக்கிளில்தான் வருவார். அல்சூரில் எங்கள் தெருமுனையில் அவர் சைக்கிள் மணி கேட்டால் பெட்டிக்கடையில் பீடி பிடிப்பவர்கள்கூட நிமிர்ந்து நிற்பார்கள். கடற்கரையில் ஆடி வளர்ந்தவர் என்பதால், எங்கள் ஊர்ப் பெண்களின் கால்களைப் பார்த்தாலே அவருக்கு வருத்தம்.

"அம்மா, இந்த ஊர்ல தரை எல்லாம் கல்லு. கல்லு காலைத் திருப்பித் தள்ளுது. புள்ளைங்க தானா எகிறுறதா நெனைக்குது" என்று எங்கள் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே விளக்கினார். "மணலு தள்ளாது. உள்ள இழுக்கும். அந்த இழுப்புல தினம் எகிறினா, கெண்டைக்காலு, தொடை எல்லாத்துக்கும் பலம் வரும். எறங்கும்போது முட்டிக்கும் அடி இல்ல."

"கடலுக்கு எங்கம்மா போறது?" என்றேன்.

"கடலு யாக்கே? மணலு சாலும்" என்றார், வாசலைக் காட்டி. கடல் எதற்கு, மணல் போதுமே என்று அர்த்தம்.

வாசலில் மணல் இருந்தது. மாடியில் ஒரு அறை எடுக்கலாமென்று பொங்கலுக்குப் பிறகு ஏற்பாடு செய்திருந்தோம். நீலசந்திராவிலிருந்து வந்த மேஸ்திரி லாரி லாரியாக மணலை இறக்கிவிட்டு, இதோ வருகிறேன் என்று போனவர்தான். அவர் போவதற்கு முன் வாலிபால் விஷயத்தைச் சொல்லிவிட்டோம். பெருந்தன்மையாக, சந்தில் ஒரு பங்கு மணலைப் பரப்பிவிட்டார். மீதிக் குவியலைக் கரண்டியால் தட்டி, சுண்ணாம்புத் தண்ணீரால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டுவிட்டு, "இதுல ஒரு கூடை எடுத்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும். சந்துல இருக்கிறது பாப்பாவுக்கு, வாசல்ல இருக்கிறது எனக்கு" என்றார்.

மணலில் இறங்கிய முதல் வாரம் மகள் மாடிப்படியை உட்கார்ந்தபடியே இறங்கினாள். கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்தது. தினமும் நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். பாதம் புதைந்துபோகிறது, எகிறுவதற்கு முன்னாலேயே பாதிச் சக்தி மணலுக்குள் போய்விடுகிறது என்றாள். குதித்தால் நாலு வயதுப் பிள்ளை குதிக்கிற உயரம்தான் வந்தது. மிஸ் அதற்கெல்லாம் அசரவில்லை. "அப்படித்தான் இருக்கும். ஆனா ஒண்ணு, மணல்ல குதிக்கிறத அளக்க பேடா. மணலு பொய் சொல்லும்" என்றார். குதித்து முடித்ததும் பலகையால் மணலை மட்டமாக இழுத்துவிட வேண்டும், பள்ளத்தில் கால் வைத்தால் கணுக்கால் பிசகும் என்றும் சொல்லிவைத்தார். மகள் ஒருநாளும் அதைத் தவறவிட்டதில்லை. சந்து எப்போதும் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி இருக்கும்.

அளக்கக் கூடாது என்று என் கணவரிடம் சொல்வது, மீனிடம் நீந்தாதே என்று சொல்வதற்குச் சமம். அவர் ஒரு தொழிற்சாலையில் டிராயிங் ஆபீஸில் இருக்கிறார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டுதான் தூங்கவே போவார். தோசையின் விட்டம் தினமும் மாறுவதாக என்னிடம் புகார் சொன்னவர். அவர்தான் நீலம் கரைத்துக் கொடுத்து, சுவரில் விரல் பதிக்கவைத்தது. வாரத்துக்கு ஒரு நாள், திங்கட்கிழமை காலையில் அளவு. முதலில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. நீல விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் ஏறின. சிவராத்திரி சமயத்தில் மகளுக்கு நடையே மாறிவிட்டது. படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறினாள். அவர் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த ஆறு இருபது.

அடுத்த திங்கட்கிழமை இன்னும் கொஞ்சம் இறங்கியது. அதற்கடுத்த வாரம் அதே இடத்தில் நின்றது. பிறகு மறுபடி இறக்கம். கல்லூரியில் படிப்பு விடுமுறை விட்டு மைதானத்தைப் பூட்டிவிட்டார்கள். கேம்ஸ் மிஸ் ஊருக்குப் போய்விட்டார், தேர்வு நாளன்றுதான் திரும்புவார். கேட்பதற்கு ஆளில்லை. எகிறிப் பார்ப்பதற்கு அந்த மணலை விட்டால் வேறு இடமும் இல்லை.

நான் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உயரமும் தூரமும் நடத்துகிறவள். ஆனால் சொந்தப் பெண் விஷயம் என்றதும் நான் கணக்கை விட்டுவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். ஆட்டுக்கால் சூப் வைத்தேன். ராகிக் களி கிண்டினேன். முட்டையை அவள் பார்க்காதபோது பாலில் அடித்துக் கலக்கினேன், பார்த்துவிட்டாள். டிஸ்பென்சரி டாக்டர் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்து, "வெளுப்பா இருக்கே" என்று இரும்புச்சத்து டானிக் எழுதினார். டானிக்கில் பல் கறுத்ததே தவிர விரல் ஏறவில்லை.

"மணல் தசையை உறிஞ்சிடுது போல" என்றார் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது.

"மணல் என்னங்க அட்டைப்பூச்சியா?"

"அப்ப வேற என்ன சொல்லு. அளவு கண்ணு முன்னால இருக்கு."

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இராத்திரி அவள் கால்களைப் பிடித்துவிடும்போது தொட்டுத்தொட்டுப் பார்ப்பேன். கட்டை மாதிரி உறுதியாகத்தான் இருந்தன. இந்தக் காலா எகிறாது என்று தோன்றும். மறுநாள் காலையில் சுவரைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விடும்.

தேர்வுக்கு முந்தைய வாரம், மிஸ் சொல்லிவிட்டுப் போனபடி மணலை நிறுத்தினாள். கால் ஓய்வெடுத்தால்தான் சேர்த்த பலம் மேலே வரும் என்பது மிஸ்ஸின் கட்டளை. அதற்கு முன் கடைசியாகப் பதித்த நீலம், சிவராத்திரி விரலுக்கு மூன்று விரற்கடை கீழே இருந்தது. மகள் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"நான் போகலம்மா. எல்லார் முன்னாலயும் போய் நெட்டுல கையை இடிச்சுக்கிட்டு வரணுமா? தங்கவயலுக்கு எழுதிடுங்க" என்றாள்.

எனக்கு ஒரு நிமிடம் நிம்மதியாகக்கூட இருந்தது. மெட்ராஸ், ஹாஸ்டல், ரயில், தனியாக ஒரு பெண் என்று மூன்று மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தவள் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதி போய்விட்டது. தேர்வுக்கென்று நான் அவளுக்கு நீலத் துணியில் தொளதொளவென்று முட்டிவரை ஒரு கால்சட்டை தைத்திருந்தேன். நின்று பார்த்தால் பாவாடை, எகிறினால் கால்சட்டை. மூன்று தடவை பிரித்துத் தைத்தது. அதைக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன்.

"நீ போகலைன்னா இதை யாரு போடறது? உங்கப்பாவா?"

அவள் சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். உள்ளேயிருந்து கணவர், "இடுப்பு அளவு சரியா வராது" என்றார். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை.

சனிக்கிழமை மதியம் அப்பாவும் மகளும் பஸ் ஏறினார்கள். கப்பன் பார்க் பக்கத்து மைதானத்தில் இரண்டு மணிக்குத் தேர்வு. "நீ வராதேம்மா. நீ பக்கத்துல நின்னா உன் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாலரைக்கு வந்துவிடவேண்டும்.

நாலு மணிக்கு வானம் கறுத்தது. எங்கள் ஊர்க் கோடைமழை சொல்லிவிட்டு வராது. காற்று முதலில் எங்கள் தகரக் கதவைப் பிய்த்துப் பார்த்தது, பிறகு ஆலங்கட்டியோடு கொட்டியது. ஐந்து மணிக்கும் அவர்கள் வரவில்லை. ஐந்தரைக்கு எதிர்வீட்டம்மா தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு வந்தார்.

"டீச்சரே, உங்க மனேயவரு, வீட்டுக்காரரு, வந்துட்டாரா? பார்க்கு பக்கம் பெரிய மரம் சாஞ்சிடிச்சாம். பஸ்ஸு எல்லாம் நின்னுபோச்சாம். யாரோ அடியில மாட்டிக்கிட்டாங்கன்னு சொல்றாங்கம்மா" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "நம்ம ஆளுங்களா இருக்காது" என்று சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்த வார்த்தையில்தான் எனக்குப் பயம் பிடித்தது. இன்றைக்கும் நாலு மணிக்கு வானம் இருட்டினால் எனக்கு அந்தப் பயம் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், நான் ஏதோ கணக்கு யோசிக்கிறேன் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

வாசலுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். ஜன்னல் வழியாகச் சந்தைப் பார்த்தேன். சுவரில் நீல விரல்கள் மழையில் கரைந்து வழிந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்க்கச் சகிக்காமல் கண்ணைக் கீழே இறக்கினேன். சுவரின் அடியில், மணலை ஒட்டி, சிவப்பாக ஒரு பட்டை தெரிந்தது. அதுவரை மணல் அப்பிக்கொண்டு கண்ணில் படாமல் இருந்தது, மழையில் கழுவப்பட்டு, புதிதாக அடித்ததுபோல் பளபளத்தது.

அது பொங்கலுக்கு என் கணவர் அடித்த காவிப் பட்டை. ஆறு விரற்கடை அகலம், அளந்து, நூல் பிடித்து அடித்தது. மேஸ்திரி சந்தில் மணலைப் பரப்பியபோது அந்தப் பட்டை முழுவதும் மணலுக்குள் போய்விட்டது. "இரண்டு நாள் குனிஞ்சு அடிச்சேன், ஒரு கோடு வெளியில தெரியலையே" என்று அவர் அன்று முழுவதும் புலம்பினார். எனக்கு நன்றாக நினைவிருந்தது.

இப்போது பட்டை மேலிருந்து அடிவரை முழுதாக வெளியே இருந்தது.

மணல் எங்கே போயிற்று என்று நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மூலையில் இருந்த எங்கள் தண்ணீர்ப் பானையைப் பார்த்தாலே போதும். வெயில் ஏறியதும் எங்கள் பக்கத்து வீடுகளிலெல்லாம் பானைக்கு அடியில் ஈர மணல் பரப்புவோம், தண்ணீர் சில்லென்று இருக்கும். அந்த வருஷம் தெருவில் மணல் இருந்தது எங்கள் வீட்டில்தான். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் யாராவது கூடையோடு வருவார்கள். என் கணவர் தாராளமாக, "வாசல் மணலைத் தொடாதீங்க, மேஸ்திரி கோடு போட்டிருக்காரு. சந்துல எடுத்துக்கங்க" என்பார். தானே வாரிக் கொடுப்பார். வேர்க்கடலை வறுப்பவன்கூட வாங்கிப் போனான். அன்று சாயங்காலம் மகள் பலகையால் மட்டமாக இழுத்துவிடுவாள். மறுநாள் திங்கட்கிழமை காலையில் அதே மனிதர் கடிகாரமும் கையுமாக நின்று சுவரைத்தான் அளப்பார். அவள் நிற்கிற இடத்தை யாரும் அளக்கவில்லை.

குடையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கினேன். பட்டையின்மேல் விரலை வைத்துப் பார்த்தேன். ஆறு விரற்கடை. தரை ஆறு விரற்கடை இறங்கியிருக்கிறது. அவள் விரல் இறங்கியது மூன்றுதான். சிவராத்திரிக்கு முன்பே கொஞ்சம் போயிருந்தாலும், மீதியை அவள் கால்தான் ஏறியிருக்கிறது. கீழே போய்க்கொண்டிருந்த தரையில் நின்றுகொண்டு அவள் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறாள். எங்கள் வீட்டில் அத்தனை பேரும், அவளும்தான், அவள் இறங்கிவிட்டாள் என்று நம்பியிருக்கிறோம்.

இதை யாரிடம் ஓடிப்போய்ச் சொல்வது? நெட்டுக்கு முன்னால் நிற்கும் பெண்ணிடம் சொல்லவேண்டும். அவளோ மரம் விழுந்த ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். தேர்வு முடிந்ததா, மழையில் நின்றதா, அவள் பத்திரமாக இருக்கிறாளா என்பதே தெரியவில்லை. மழை நின்ற பிறகும் நான் சந்திலேயே நின்றேன்.

கேட் சத்தம் கேட்டது. சேலை காலில் சுற்ற ஓடினேன்.

மேஸ்திரி. மூன்று மாதம் முகத்தைக் காட்டாத மனிதர், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, சிரித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாம்மா, சௌக்கியமா? திங்கக்கிழமை வேலை ஆரம்பிச்சிரலாம்" என்று வாசல் குவியலைச் சுற்றிவந்து தன் சுண்ணாம்புக் கோடுகளைத் தேடினார். மழையில் அவை கரைந்துபோயிருந்தன. பிறகு சந்தை எட்டிப் பார்த்தார். "அங்க போட்ட மணலு எங்கம்மா? பாதி காணோமே. பாப்பா என்னா, தின்னுருச்சா?"

"தெரு முழுக்கப் பானைக்கு அடியில இருக்குங்க. போய்க் கேட்டு வாங்கிக்குங்க" என்றேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் பயந்துபோய், நாளைக்கு வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.

விளக்கு ஏற்றும் நேரத்துக்குத் தெருமுனையில் குதிரைக் குளம்புச் சத்தம் கேட்டது. ஒரு ஜட்கா எங்கள் வாசலில் நின்றது. முதலில் இறங்கியவர் என் கணவர். வேட்டியெல்லாம் செம்மண். "மரத்தைச் சுத்திக்கிட்டு சிவாஜி நகர் வழியா வரவேண்டியதாப் போச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஒரு காலி வண்டிதான் நசுங்கிச்சு. நீ ஏன் நனைஞ்சிருக்க?" என்றார். பின்னால் மகள் குதித்து இறங்கினாள். நீலக் கால்சட்டை முட்டியில் கிழிந்து தொங்கியது. முகம் முழுக்கச் சேறு, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"முதல் ரெண்டு பந்துக்கும் வெறும் காத்தைத்தாம்மா அடிச்சேன்" என்றாள், வாசற்படியில் ஏறுவதற்கு முன்பே. "பந்து வர்றதுக்குள்ள நான் மேல போயிட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் மிஸ் வந்து, 'மெதுவா, கொஞ்சம் லேட்டா கிளம்பு'ன்னாங்க. மூணாவதுலேருந்து ஒண்ணுகூட விடல. மழை விட்டதும் மறுபடி ஆடச் சொன்னாங்க. கடைசியில முதல்ல படிச்ச பேரே என்னுதுதான்."

நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். காவிப் பட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவள் விடவில்லை.

"ஆனா கை அவ்வளவு மேல போனதுல எனக்கு ஒரே சந்தேகம்மா. நெட்டைத் தாழ்த்திக் கட்டியிருக்கீங்க, இப்படியே எடுத்தா அப்புறம் தகராறு வரும், அளந்து காட்டுங்கன்னு நானே போய் அவங்ககிட்ட சண்டை போட்டேன். ரெண்டு தடவ டேப் வச்சு அளந்தாங்க. அப்பாவும் போய் அளந்து பார்த்தாரு. நெட்டு சரியாத்தாம்மா இருந்துச்சு."